தொழிற்சாலை நிலத்தில் மகரந்தப் பூச்சிகள்: கொங்குப் பகுதிக்கு ஒரு செய்முறை

ஸ்பின்னிங் மில், ஃபவுண்டரி, பனியன் கம்பெனி, சாயப்பட்டறை எதுவானாலும் கட்டடமும் லாரி திரும்பும் இடமும் போகக் கொஞ்சம் நிலம் மிஞ்சும். காம்பவுண்டுச் சுவரை ஒட்டிய பத்தடி, விரிவாக்கத்துக்கென்று வாங்கிப் போட்ட மூலை, சிப்காட் மனையில் இன்னும் கட்டாத பாதி, காற்றாலைக் கோபுரத்தைச் சுற்றிய மேட்டாங்காடு என்று எல்லாம் அதில் அடக்கம். பல்லடம், காங்கேயம், பெருந்துறை, குறிச்சி, கிணத்துக்கடவு என எங்கே பார்த்தாலும் இந்த மிச்ச நிலத்துக்கு நடப்பது ஒன்றுதான்: மாதம் ஒருமுறை மொட்டையடிப்பது, களைக்கொல்லி அடிப்பது, தணிக்கைக்கு ஆள் வரும் வாரம் மெக்சிகன் புல் பதிப்பது. தேனீக்கும் வண்டுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் இந்த மூன்றிலும் ஒன்றும் மிஞ்சாது.

ஆகவே முதல் வேலை செடி நடுவது அல்ல. நடந்துகொண்டிருக்கும் சிலவற்றை நிறுத்துவதுதான். அதற்குச் செலவு இல்லை, பலன் முதல் மழையிலேயே தெரியும். செடி நடுவதும் கூட்டுக்கு இடம் அமைப்பதும் அதற்குப் பிறகு. ஒரு சென்ட் நிலம் (435 சதுர அடி) இருந்தால் தொடங்கலாம்.

யாருக்காகச் செய்கிறோம்

மகரந்தப் பூச்சி என்றதும் தேன் பெட்டிதான் நினைவுக்கு வரும். பெட்டியில் வளர்க்கும் அடுக்குத் தேனீ இதில் ஒரு பங்குதான். சுவர் ஓட்டையிலும் மின்பெட்டியிலும் கூடு கட்டும் கொசுத்தேனீ, புதர்க் கிளையில் கையகலத் தட்டு கட்டும் கொம்புத்தேனீ, தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் பெரிய தட்டாகத் தொங்கும் மலைத்தேனீ ஆகியவை கூட்டமாக வாழ்பவை. இவை தவிர, கூட்டம் இல்லாமல் தனித்தனியாகக் கூடு வைக்கும் தேனீ வகைகள் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை மண்ணுக்குள் வளை தோண்டுபவை. மற்றவை உலர்ந்த தண்டின் துளையிலும் பட்ட மரத்திலும் வாழ்கின்றன.

இந்தத் தனித் தேனீக்களால்தான் சில பூக்களுக்கு வாழ்வு. கத்தரி, ஆவாரை போன்றவற்றின் மகரந்தப் பையில் நுனித் துளை மட்டுமே உண்டு. பூவைப் பிடித்துத் தொங்கியபடி உடலை அதிரவைத்தால்தான் மகரந்தம் உதிரும். கருவண்டு என்று நாம் சொல்லும் கரிய, பருத்த தச்சுத் தேனீயும், வயிற்றில் நீலப் பட்டை போட்ட தேனீயும் அதைச் செய்யும். பெட்டித் தேனீயால் முடியாது. முருங்கைக்கும் கருவண்டுதான் முதன்மையான உதவி. மூலனூர், அரவக்குறிச்சி வட்டாரத்தில் ஆலை வைத்திருப்பவர்களின் சுவருக்கு அப்பால் முருங்கைத் தோட்டம் இருக்கும். அந்தத் தோட்டத்துக்கு வண்டு எங்கிருந்து வரவேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

தேன் பெட்டி வாங்கி வைத்துப் படம் எடுத்துப் போடுவதை முதல் வருடம் தவிர்க்கலாம். பூ இல்லாத இடத்தில் பெட்டி வைத்தால் வெயில் ஏறியதும் தேனீ கூண்டோடு ஓடிவிடும். ஓடாமல் இருந்தால், இருக்கிற கொஞ்சப் பூவுக்குக் காட்டுத் தேனீக்களோடு போட்டி போடும்.

ஆடியில்: நடந்து பாருங்கள், நிறுத்துங்கள்

வளாக வரைபடத்தின் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு காலை 9 மணிக்கு மேல் சுவரோரமாக ஒரு சுற்று வாருங்கள். தும்பை, துத்தி, வெட்டுக்காயப்பூண்டு, ஆவாரை, எருக்கு, நொச்சி இவை தானாக வந்திருக்கும் இடங்களைப் பச்சை மையால் வட்டமிடுங்கள். வெறும் மண்ணில் பென்சில் நுழையும் அளவுக்குத் துளைகளும், சுற்றிலும் பொடி மண் குவியலும் தெரிந்தால் சிவப்பு வட்டம். அது எறும்புப் புற்றா தேனீ வளையா என்று ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் தெரிந்துவிடும். காலில் மஞ்சள் பொடியோடு ஒன்று உள்ளே போனால் தேனீ. சிவப்பு வட்டத்தில் இனி வண்டி நிறுத்தக் கூடாது, கான்கிரீட் போடக் கூடாது, தண்ணீர் பாய்ச்சவும் கூடாது.

அடுத்து, நிறுத்த வேண்டியவை.

களைக்கொல்லியை நடைபாதை, சுவரோரம் எல்லாவற்றிலும் நிறுத்துங்கள். டிரான்ஸ்பார்மர் வேலிக்குள்ளும் டீசல் தொட்டியைச் சுற்றியும் செடி வரக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. அங்கே ஜல்லி பரப்பிக் கையால் பிடுங்கலாம்.

பூச்சிமருந்தில் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. இமிடாகுளோப்ரிட், தையாமெத்தாக்சாம் போன்றவை செடிக்குள் ஊடுருவி மகரந்தத்திலும் தேனிலும் வந்துவிடும். வரவேற்பறை முன்னால் உள்ள ரோஜாவுக்கு அசுவினிக்காக வேரில் ஊற்றினாலும் அந்தப் பூவில் உட்காரும் தேனீக்குத் தீங்குதான். கட்டடத்துக்குக் கரையான் மருந்து ஊற்றுவது தவிர்க்க முடியாததென்றால், அஸ்திவாரத்திலிருந்து சில அடிக்குள் பூச்செடி வைக்காதீர்கள். கொசுப் புகை அடிப்பவர்களிடம் அந்தி சாய்ந்து தேனீ அடங்கிய பிறகே வரச் சொல்லுங்கள். காலை ஷிஃப்ட் தொடங்கும் முன் அடிப்பது சிலருக்கு வழக்கம், அது தேனீ மேயப் புறப்படும் நேரம். பூத்திருக்கும் செடிமேல் வேப்பெண்ணெய்க் கரைசலைக்கூடத் தெளிக்க வேண்டாம்.

விளக்கைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. இரவில் பூக்கும் செடிகளுக்கு அந்துப்பூச்சி வேண்டும். சுவரோரம் எரியும் வெள்ளை ஃபிளட் லைட் அவற்றை இழுத்து விடியும்வரை சுற்றவிட்டுக் கொல்லும். காவலுக்கு வெளிச்சம் தேவைதான். விளக்கின் முகத்தை நேராகக் கீழே திருப்பி மேலே மூடி போடுங்கள். அடுத்த முறை மாற்றும்போது 3000 கெல்வினுக்கு மிகாத மஞ்சள் ஒளி எல்.இ.டி. வாங்குங்கள். ஆள் நடமாட்டம் குறைந்த பின்பக்கத்துக்கு அசைவறியும் சென்சார் போதும்.

கடைசியாகப் புல் வெட்டு. வளாகப் பராமரிப்பை ஒப்பந்தத்துக்கு விட்டிருந்தால், வாயால் சொல்வது நிற்காது. மேற்பார்வையாளர் மாறியதும் புது ஆள் மொத்தத்தையும் வழித்துவிடுவார். ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: வெட்டும் உயரம் 10 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, நிலத்தை மூன்றாகப் பிரித்து ஒரு முறைக்கு ஒரு பங்கு மட்டும், அடுத்த பங்குக்கு ஒரு மாத இடைவெளி, எல்லையில் வெள்ளையடித்த கல். மெஷின் ஓட்டுபவருக்குக் காகிதத்தைவிட அந்தக் கல்தான் புரியும்.

இடம் தேர்வு: காற்றும் தூசும்

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசி தொடங்கி ஆவணி வரை மேற்கிலிருந்து காற்று தள்ளும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது சின்னத் தேனீ என்ன செய்யும்? வீச்சான வெட்டவெளியில் பூ இருந்தாலும் அது வராது. மழைக்காலத்தில் காற்று வடகிழக்கிலிருந்து திரும்பி வீசும். ஆகவே ஃபவுண்டரியில் இரும்பு உருக்கும் கியூப்போலா உலையின் புகை, பாய்லர் சாம்பல், பஞ்சுத் தூசு வெளியேறும் இடத்துக்குக் கிழக்கும் தென்மேற்கும் ஏதாவது ஒரு பருவத்தில் தூசு வாங்கும். வடக்கு, வடமேற்கு மூலை இருந்தால் அதையே எடுங்கள். இல்லையென்றால் தூசு வரும் பக்கம் இரண்டு வரிசை புங்கனை மறைப்பாக வைத்து அதற்குப் பின்னால் பூச்செடி வையுங்கள். இலைமேல் விரலால் தேய்த்தால் கறுப்பு ஒட்டுகிற இடத்தில் பூச்செடி வைப்பது வீண்.

தேர்ந்த இடத்துக்கு மேற்கே கட்டாயம் ஒரு காற்றுத் தடுப்பு வேண்டும். சுவர் மட்டும் இருந்தால் காற்று மேலேறிக் குதித்து உள்ளே சுழலும். சுவரோரம் நொச்சியும் ஆடாதோடையும் நான்கடிக்கு ஒன்றாக வந்துவிட்டால் வேகம் தணியும்.

ஆவணியில்: மண்

தொழிற்சாலை மண்ணில் செடி வராததற்கு உரக்குறைவு முதல் காரணமாக இருப்பது அரிது. பத்து வருடம் லாரி ஏறி இறங்கிய இறுக்கமும், கட்டடம் கட்டியபோது கொட்டிய சிமென்ட் இடிபாடும்தான் காரணம். ஓரடி நீள, அகல, ஆழத்தில் ஒரு குழி எடுத்துத் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது தண்ணீர் மறுநாள் காலையும் நின்றால் கீழே இறுகிய படிவம் இருக்கிறது. மேலே மண் கொட்டி மூடினால் மழையில் வேர் அழுகும். ஜே.சி.பி.யின் பல் வாளியால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் கீறிவிட வேண்டும், புரட்டிப் போடக் கூடாது. கீறும் முன் கேபிளும் தீயணைப்புக் குழாயும் எங்கே போகின்றன என்று மின்பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாலைந்து இடத்தில் மண் எடுத்துக் கலந்து அரைக் கிலோவை வேளாண்துறை மண் பரிசோதனை நிலையத்துக்கோ கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கோ கொடுங்கள். முடிவில் பார்க்க வேண்டியது உப்பைக் காட்டும் ஈ.சி. எண்ணும், கார அமில நிலையைக் காட்டும் பி.எச். எண்ணும். ஈ.சி. 1-க்குக் கீழே என்றால் கவலை இல்லை. 3-ஐத் தாண்டினால் விதைப்பு வேலைக்கு ஆகாது. புங்கன் கன்றை மட்டும் வைத்துப் பார்க்கலாம். சுக்கான் (சுண்ணாம்புக் கல்) கலந்த வெளுத்த மண்ணில் பி.எச். 8-க்கு மேல் போவது நம் பக்கம் சாதாரணம். வேம்பும் வெள்வேலும் ஆவாரையும் அதில் பிறந்து வளர்ந்தவை.

மண்ணோடு சேர்க்கக் கூடாதவை இரண்டு. ஃபவுண்டரியில் கழிந்த வார்ப்பட மணல் பார்வைக்கு நல்ல மணலாகத் தெரியும். அதில் பெண்டோனைட் களிமண்ணும் நிலக்கரித் தூளும், சில வகைகளில் பிசினும் இருக்கும். தேனீ வளை தோண்டும் மேட்டுக்கு அது வேண்டவே வேண்டாம். சாயப்பட்டறையில் ஆர்.ஓ. கழித்த தண்ணீரும் அப்படித்தான். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தினால்தான் பட்டறை நடத்த முடியும் என்றானது. மிஞ்சும் உப்புக் கரைசலை ‘தோட்டத்துக்குத்தானே’ என்று விடுவது சட்டத்துக்கும் மண்ணுக்கும் கேடு. கேன்டீன், விடுதிக் கழிவுநீரைச் சுத்திகரித்த தண்ணீர் என்றால் பாய்ச்சலாம்.

புரட்டாசி, ஐப்பசியில்: நடவு

வருட மழை 600, 700 மி.மீ. சுற்றித்தான். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். அந்த மழைக்கு முன் குழியும், முதல் இரண்டு மழைக்குள் செடியும் விதையும் மண்ணில் இருக்க வேண்டும். உலகச் சுற்றுச்சூழல் நாள் என்று ஜூன் 5-இல் கன்று நட்டால் ஆடிக்காற்றில் காய்ந்து நிற்கும். அன்றைக்கு வேண்டுமானால் குழி எடுங்கள்.

எதை நடுவது என்பதைப் பூக்கும் மாதத்தை வைத்து முடிவு செய்யுங்கள். மாசி முதல் சித்திரை வரை மரங்கள் பார்த்துக்கொள்ளும்: முருங்கை, வேம்பு, புங்கன், கொன்றை, பின்னால் புளி. கார்த்திகை முதல் தை வரை மழைக்கு வந்த தும்பையும் துத்தியும் ஆவாரையும் போதும். வெள்வேல் ஆவணி, புரட்டாசியில் மஞ்சளாகப் பூக்கும். இடிக்கும் இடம் வைகாசி முதல் ஆடி வரை. மரப் பூ முடிந்து, மழைப் பூ வராமல், காற்றும் அடிக்கும் மாதங்கள் அவை. சொட்டு நீர் வைத்திருக்கிற நொச்சி, சங்குப்பூ, துளசி, நாய்த்துளசி ஆகியவை அந்த இடைவெளியைத் தாண்டவைக்கும். இருக்கிற தண்ணீரை இவற்றுக்கே கொடுங்கள், புல்தரைக்கு வேண்டாம்.

மரத்துக்கு இரண்டடி நீளம், அகலம், ஆழம் உள்ள குழி. எடுத்த மேல்மண்ணோடு ஒரு கூடை மக்கிய சாணி எரு கலந்து நிரப்பினால் போதும். புங்கனும் வேம்பும் 15 அடிக்கு ஒன்று. முருங்கையை மின்கம்பிக்குக் கீழும் கட்டடத்துக்கு அருகிலும் வைக்காதீர்கள், காற்றுக்கு முறியும். ஆவாரையைக் கன்றாக வைப்பதைவிட விதையாகப் போடுவது மேல். அதன் ஆணிவேர் பையில் சுருண்டுவிடும். விதைத் தோல் கடினமானது. கொதித்து இறக்கிய தண்ணீரை விதைமேல் ஊற்றி அப்படியே இரவு முழுதும் ஊறவிட்டு, மூன்றடிக்கு ஒரு குழியில் மூன்று விதை போடுங்கள். சங்குப்பூ விதைக்கும் இதுவே செய்முறை. நொச்சியும் ஆடாதோடையும் விரல் பருமன் குச்சியாக ஓரடி வெட்டி, பாதி மண்ணுக்குள் போகும்படி ஊன்றினால் வந்துவிடும். ஆடாதோடையை ஆடு தொடாது. சுவர் உடைந்த வளாகத்துக்கு இது பெரிய அனுகூலம்.

ஒரு சென்டுக்கு முதல் வருட விதைக் கலவை இது: சணப்பு 60 கிராம், இரண்டாகப் பிளந்த கொத்தமல்லி 50 கிராம், நாட்டுச் சூரியகாந்தி 15 கிராம், கிடைத்தால் ஒரு கைப்பிடி தும்பை விதை. தும்பை தவிர மற்றவற்றை இரண்டு கிலோ உலர்ந்த மணலோடு கலந்து, பாதியைக் கிழமேற்காகவும் மீதியைத் தென்வடலாகவும் தூவுங்கள். முள் இழுத்து லேசாக மூடினால் போதும். தும்பை விதை மிகச் சிறியது, ஆழம் போனால் முளைக்காது. அதை மட்டும் கடைசியில் மேலாகத் தூவுங்கள். சணப்பு ஐம்பது நாள் சுற்றில் பூத்துவிடும். இலைவெட்டித் தேனீயும் கருவண்டும் முதலில் வந்து நிற்பது அதில்தான். கடையில் சிவப்போ நீலமோ சாயம் ஏற்றிய சூரியகாந்தி விதை கிடைக்கும். அது மருந்து பூசியது, வாங்க வேண்டாம். எள் போடுவதானால் மாசிப் பட்டத்தில், தண்ணீர் வசதியோடு, சென்டுக்கு 20 கிராம். சித்திரை வெயிலில் அது பூத்து நிற்கும்.

ஏக்கர் கணக்கில் சும்மா கிடக்கும் மனைக்குத் தோட்டம் போட முயல வேண்டாம். காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடே (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) நல்ல முன்மாதிரி: சுற்றிக் கிளுவை வேலி, நடுவே அங்கங்கே வெள்வேல், தரையெங்கும் கொழுக்கட்டைப்புல். உழவு இல்லை, தண்ணீர் இல்லை, மருந்து இல்லை. புல் குத்துகளுக்கு இடையில் வெறும் மண் இருக்கும், வளைத் தேனீக்கு அதுதான் வேண்டியது. புதிதாக அறுத்த கொழுக்கட்டைப்புல் விதை உறக்கத்தில் இருக்கும். ஆறு மாதமாவது பழகிய விதையாகக் கேட்டு வாங்கி, சென்டுக்கு 25 முதல் 30 கிராம் தூவுங்கள்.

வண்ணத்துப்பூச்சிக்குத் தேன் மட்டும் போதாது, புழு தின்ன இலை வேண்டும். எருக்கில் வெந்தய வரியன், ஆவாரையிலும் கொன்றையிலும் கொன்னை வெள்ளையன், கறிவேப்பிலையிலும் நாரத்தையிலும் எலுமிச்சை அழகி முட்டையிடும். இலை ஓட்டையாவதைப் பார்த்ததும் தோட்டக்காரர் மருந்து டின்னைத் தூக்குவார். ‘இந்தச் செடி தின்னப்படவே வைத்தது’ என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

தவிர்க்க வேண்டியவற்றில் முதலிடம் ஆப்பிரிக்கத் துலிப் மரத்துக்கு. அழகாக இருக்கும், பூவின் சுரப்பில் கொசுத்தேனீ இனத்தவை செத்துக் கிடக்கும். அடுக்கிதழ்ச் செம்பருத்தியிலும் அடுக்கிதழ் ரோஜாவிலும் பூச்சிக்கு எட்டுவது ஒன்றுமில்லை. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் கையுறை போட்டுப் பிடுங்குங்கள். சீமைக்கருவேலத்தில் தேனீ மேய்வது உண்மைதான். அதனால் ஒரே நாளில் மொத்தமாக அழிக்காமல் வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்காக எடுத்து, அந்த இடத்தில் வெள்வேல் வையுங்கள்.

கூட்டுக்கு இடம்

பூ வைத்து, கூடு கட்ட இடம் வைக்காமல் விட்டால் பூச்சி வந்து மேய்ந்துவிட்டுப் போய்விடும். வளாகத்தைச் சுற்றிப் பட்ட மரமும் வெறும் மண்ணும் இல்லாமல் போனதுதான் இன்றைய பெரிய குறை.

மண்மேடு: பத்தடி நீளம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி உயரம். கல் சலித்த செம்மண். அரையடிக்கு ஒருமுறை காலால் மிதித்து இறுக்குங்கள், இயந்திரத்தால் அழுத்தாதீர்கள். கிழக்கு முகம் சரிவாக இருக்கட்டும், காலை வெயில் படவேண்டும். மூடாக்கு, புல், சொட்டு நீர் எதுவும் வேண்டாம். மேலே செடி வந்தால் மேட்டின் பாதியை மட்டும் கையால் சுத்தம் செய்யுங்கள். கூரைத் தண்ணீர் விழும் இடத்துக்கு அருகில் வைத்தால் முதல் மழையிலேயே கரைந்துவிடும்.

துளைக்கட்டை: வெளிநாட்டு இயந்திரம் வந்த மரப் பலகைகள் மூலையில் கிடக்கும். அவற்றில் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்றிருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு வாயு காட்டியது, வேண்டாம். எண்ணெய் குடித்த பலகையும் வேண்டாம். தடித்த கட்டையாகப் பார்த்து, 3 முதல் 10 மி.மீ. வரை பல அளவுகளில், 10 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில், மறுபக்கம் திறந்துகொள்ளாமல் துளையிடுங்கள். துளைக்குத் துளை 2 சென்டிமீட்டர். வாயை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள், சிம்பு இறகைக் கிழிக்கும். மூங்கில் துண்டுகளையும் கணு ஒரு பக்கம் அடைக்கும்படி வெட்டிச் சேர்த்துக் கட்டலாம். பஞ்சாலையில் கழித்த காகிதக் குழாய்கள் தேனீக்கு அளவில் பெரியவை. மெல்லிய மூங்கிலைச் செருகி வைக்கும் உறையாக அவை உதவும்.

கிழக்கோ தென்கிழக்கோ பார்த்து, நாலடி உயரத்தில், காற்றில் ஆடாமல் இரும்புக் கம்பத்தில் பொருத்துங்கள். மேலே கையகலம் நீட்டிய தகரம். இது பெரும்பாலும் தோற்பது எறும்பால். கம்பத்தின் அடியை ஒரு டப்பாவுக்குள் நிறுத்தித் தண்ணீரும் மேலே கொஞ்சம் கழிவு எண்ணெயும் விடுங்கள். கிரீஸ் பூசினால் சித்திரை வெயிலில் உருகி வழிந்துவிடும். பக்கத்துக் கிளை கட்டையைத் தொட்டாலும் எறும்பு அந்த வழியில் ஏறும். இரண்டு வருடத்துக்கு மேல் ஒரே கட்டையை வைத்தால் ஒட்டுண்ணி பெருகும். மண்ணாலோ இலையாலோ அடைத்த துளைகள் திறந்து தேனீ வெளியேறிய பிறகு கட்டையை மாற்றுங்கள். பத்துக் கட்டையை ஒரே இடத்தில் குவிக்காமல் நாலு மூலையில் பிரித்து வைப்பதும் அதற்காகத்தான்.

கருவண்டுக்கு இதெல்லாம் சிறிது. கவாத்து செய்த முருங்கை, புங்கன் கிளைகளில் தொடைப் பருமன் உள்ளதை வேலியோரம் கட்டிவையுங்கள், தானே குடைந்துகொள்ளும். இரும்புக் கூரைச் சட்டத்துக்கு அதனால் பங்கம் இல்லை. மூங்கில் போட்ட கேன்டீன் கொட்டகை இருந்தால் கட்டையை அதிலிருந்து தள்ளி வையுங்கள். காய்ந்த செடித் தண்டுகளையும் அடியோடு வெட்டாமல் ஓரடி நிறுத்திவையுங்கள், சிறு தேனீக்கள் அதற்குள் குடியேறும்.

தண்ணீருக்கு விலை உயர்ந்த ஏற்பாடு வேண்டாம். ஏ.சி.யில் சொட்டும் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து மூன்றடிச் சதுர மண்ணில் விட்டால் எப்போதும் சேறாக இருக்கும். வண்ணத்துப்பூச்சி உப்பு உறிஞ்சவும், சில தேனீக்களும் குளவிகளும் கூட்டுக்கு மண் எடுக்கவும் வரும். தட்டு வைத்தால் கூழாங்கல் நிரப்பி ஓர் அங்குலத் தண்ணீர் மட்டும். வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவியே ஆக வேண்டும், இல்லையென்றால் டெங்குக் கொசு வளர்ப்பாகிவிடும்.

ஆட்களும் பாதுகாப்பும்

எதிர்ப்பு மூன்று திசையிலிருந்து வரும். பாம்பு என்று காவலாளி சொல்வார். நியாயமான பயம். நடைபாதையின் இரு பக்கமும் மூன்றடி எப்போதும் ஒட்ட வெட்டியிருக்கட்டும், கல் குவியலையும் பழைய பலகைகளையும் பாதையோரம் போடாதீர்கள், இரவுச் சுற்றுக்கு டார்ச்சும் பூட்ஸும் கொடுங்கள். தீ என்று பாதுகாப்பு அதிகாரி சொல்வார். பஞ்சு குடோன் உள்ள ஆலையில் அதுவும் சரியே. குடோன், டீசல் தொட்டிப் பக்கம் உயரப் புல் வேண்டாம். மாசிக்குள் பூநிலத்தைச் சுற்றிப் பத்தடி வெறும் மண் பட்டை எடுத்துவிடுங்கள். வெட்டிய சருகை எரிக்காமல் மூலையில் மக்கவிடுங்கள். மூன்றாவது, ‘காடு மாதிரி இருக்கிறது, சரக்கு வாங்கும் கம்பெனியின் தணிக்கையில் கேட்பார்கள்’ என்று நிர்வாகம் சொல்லும். விளிம்பை நேராக வெட்டி, என்ன இது, எந்த மாதம் வெட்டப்படும் என்று இரண்டு வரிப் பலகை வைத்தால் அந்தக் கேள்வி நின்றுவிடும். சுற்றுச்சூழல் அனுமதியில் பசுமைப்பட்டை நிபந்தனை இருந்தால் இந்த நிலத்தையும் அதில் கணக்குக் காட்ட வழி உண்டா என்று ஆலோசகரிடம் கேளுங்கள்.

தைப் பிறப்புக்கு முன்னால் காப்புக்கட்ட ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை தேடித் தொழிலாளர்கள் வருவார்கள். தாராளமாகப் பறிக்கட்டும். தங்களுக்கும் பயன்படும் செடியை அடுத்த வருடம் அவர்களே வெட்டவிடமாட்டார்கள்.

மலைத்தேனீத் தட்டு தனி விஷயம். தண்ணீர்த் தொட்டியிலோ புகைபோக்கிப் படியிலோ கட்டிவிட்டால் தீப்பந்தம் பிடிக்கவோ கல் எறியவோ யாரையும் விடக் கூடாது. ஆட்கள் போகும் வழியைத் திருப்பி, கயிறு கட்டி, அருகிலுள்ள விளக்கை அணைத்துவிடுங்கள். பருவம் முடிந்ததும் அவை தாமாகவே இடம் மாறும். ஏணியோ ஷிஃப்ட் வழியோ அடியிலேயே இருந்து தவிர்க்க முடியாவிட்டால் தீயணைப்புத் துறையிடம் சொல்லுங்கள். கொட்டுப்பட்டவரை உடனே தூர அழைத்துப் போய்க் கொடுக்கை நகத்தாலோ அட்டையாலோ வழித்தெடுங்கள். மூச்சுத் திணறல், முகவீக்கம், மயக்கம் தெரிந்தால், அல்லது பல இடத்தில் கொட்டியிருந்தால், 108-ஐ அழைப்பதில் தாமதம் கூடாது. மண்ணிலும் கட்டையிலும் வாழும் தனித் தேனீக்கள் பிடித்து நசுக்கினாலொழியக் கொட்டுவதில்லை.

வருகிறதா என்று எப்படித் தெரியும்

ஒரு மீட்டர் நீள வயரிங் பைப் நான்கை இணைத்துச் சதுரமாக்குங்கள். மாதம் ஒரு நாள், வெயில் உள்ள காலை, 9-க்கும் 11-க்கும் நடுவில், பூத்திருக்கும் இடத்தில் வைத்துப் பத்து நிமிடம் பூவில் உட்காருவதை மட்டும் எண்ணுங்கள். பெயர் தெரிய வேண்டியதில்லை: தேனீ, கொசுத்தேனீ, கருவண்டு, வேறு சிறு தேனீ, பூ ஈ, வண்ணத்துப்பூச்சி, மற்றவை என ஏழு கட்டம் போதும். பூ ஈ தேனீயைப் போலக் கோடு போட்டிருக்கும். அதற்கு இறகு இரண்டுதான், அந்தரத்தில் அசையாமல் நிற்கும்.

முதல் வருடம் பெரும்பாலும் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும்தான் எண்ணிக்கையில் வரும், அவை தூரத்திலிருந்து மேய வருபவை. சிறு தேனீக் கட்டம் நிரம்ப இரண்டாவது மழை வரை பொறுக்க வேண்டும். பூ நிறைய இருந்தும் மூன்று மாதமாகக் கட்டங்கள் காலியென்றால் செடியைச் சந்தேகிக்காதீர்கள். பக்கத்துத் தோட்டத்தில் என்ன தெளிக்கிறார்கள், கொசுப் புகை எத்தனை மணிக்கு வந்தது, ஒப்பந்தக்காரரின் ஸ்டோர் அறையில் என்ன டின் இருக்கிறது என்று பாருங்கள்.